மொழி என்று ஒரு கட்டம்

மார்ச் 3, திங்கள்

யூனியனில் கொடுத்த டைரி இரண்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுத வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு போட்டது ரயில்வே இல்லை, என் மனைவி செங்கமலம். "தெனம் பத்து இங்கிலீஷ் வார்த்தை, அர்த்தம், எதிர்ச்சொல். உங்க கையெழுத்துதான் அழகா இருக்கு, நீங்களே எழுதிடுங்க" என்றாள். பரீட்சை அவளுக்கு, எழுதுகிற வேலை எனக்கு. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் பக்கத்தில் பெயர், வேலை, ரத்த வகை எல்லாம் கேட்டிருந்தது. சிங்காரவேல், ரயில்வே கேட் கீப்பர், ஓ பாசிட்டிவ் என்று நிரப்பினேன். பன்னிரண்டு வருடமாகப் படிவம் நிரப்பி நிரப்பி எனக்குப் பழகிவிட்டது. கட்டத்தைப் பார்த்தால் கை தானாகப் போகும்.

பரீட்சை விஷயம் இதுதான். செங்கமலத்துக்கு முப்பத்தொரு வயது. பிளஸ் டூவில் நல்ல மார்க். அடுத்த வருடமே எனக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வயதில் நித்திலா இருக்கிறாள். இத்தனைக்கும் பிறகு, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறாளாம். மே மாதம் நுழைவுத் தேர்வு. அதில் ஆங்கிலத் தாள் ஐம்பது கேள்வி. சொற்பொருள், எதிர்ச்சொல், இலக்கணம், கலைத்துப்போட்ட வாக்கியங்களை அடுக்குவது. அதில் நல்ல மார்க் வாங்கினால் சீட்டு. இல்லாவிட்டால் இல்லை.

வெள்ளிக்கிழமை பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டாயிற்று. பாதியில் நித்திலாவுக்கு வயிற்றுவலி என்று பள்ளியிலிருந்து போன் வர, செங்கமலம் ஓடிவிட்டாள். மீதியை நான்தான் முடித்தேன். சென்டர் பெண் கேட்கக் கேட்கப் பதில் சொன்னேன். இருபது நிமிடம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

மார்ச் 6, வியாழன்

டைரியில் இடம் போதவில்லை. வார்த்தைகளை ஒரு நீள நோட்டுக்கு மாற்றிவிட்டோம். டைரி எனக்கு மிச்சம். கேட் கேபின் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் எழுதலாம். முதல் நாள் வீட்டில் நடந்ததை மறுநாள் இங்கே எழுதுவது வசதியாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் முதல் பாடம். எப்படி நடத்துவது என்று தெரியாமல் விழித்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கிவிட்டேன். கேட்டில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் வண்டி நம்பரைச் சொல்வார், நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டை மூடிப் பூட்டிவிட்டு நான் ஒரு ரகசிய எண் கொடுப்பேன், அவர் திருப்பிச் சொல்வார். இரண்டு பக்கமும் ஒத்து வந்தால்தான் வண்டி நகரும்.

அதையே செய்தோம். நான் வார்த்தையைச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்லி அர்த்தம் சொல்ல, அந்த அர்த்தத்தை நான் திருப்பிச் சொன்னேன். "ரெலக்டன்ட்" என்றேன். "ரெலக்டன்ட். மனசில்லாம, தயங்கித் தயங்கி" என்றாள். "மனசில்லாம, தயங்கித் தயங்கி. சரி, வண்டி போகலாம்" என்றேன். நித்திலா விழுந்து விழுந்து சிரித்தாள். செங்கமலமும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

'கேட்' என்று முடிகிற வார்த்தைகள் மட்டும் எனக்குச் சட்டென்று மனப்பாடம் ஆகின்றன. மிட்டிகேட், இன்வெஸ்டிகேட், நேவிகேட். மற்றவை நிற்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

மதியம் இரண்டு மணிக்கு என்னை மாற்றிவிட வந்த இன்னொரு கேட் கீப்பர் தட்சிணாமூர்த்தி கிண்டல் பண்ணினான். "ஏண்டா, அண்ணி இங்கிலீஷ்ல திட்டுனா ஒனக்கு எப்புடிடா புரியும்?" என்றான். தமிழில் திட்டுவதே பாதி புரிவதில்லை என்றேன். சிரித்தேனே தவிர, சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே ஞாபகம்.

இப்போதே அப்படித்தான் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் முகம் கழுவி, தலை சீவி, நோட்டோடு உட்கார்ந்துவிடுகிறேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போவேன். இப்போது டீக்கடைக்காரர் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார். நோட்டில் நான் எழுதும் வார்த்தைகள் பாதி எனக்குப் புரிவதில்லை. "இன்"னுக்கும் "ஆன்"னுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். வண்டிக்குள் இருந்தால் ஒன்று, வண்டி மேல் இருந்தால் ஒன்று என்று பிடித்துக்கொண்டேன். "அப்ப ஏன் 'ஆன் தி ட்ரெயின்'னு சொல்றாங்க? கூரை மேலயா ஒக்காந்து போறாங்க?" என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தோம். நல்ல சாயங்காலம் அது.

தபாலில் படிக்கலாமே என்று நடுவில் ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தேன். "தபால்ல புத்தகம்தாங்க வரும்" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை.

மார்ச் 26, புதன்

காலை எட்டேகாலுக்கு என் போனுக்கு ஒரு தகவல் வந்தது. விண்ணப்பத்தில் திருத்தம் செய்ய வேண்டியவர்கள் 28-ம் தேதிக்குள் செய்யலாமாம். நாம்தான் தப்பில்லாமல் போட்டோமே என்று நினைத்தேன். ஆனாலும் பாசஞ்சர் போக இருபது நிமிடம் இருந்தது. டிபன் பையில் அன்றைக்கு மடித்து வைத்த பிரிண்ட் அவுட் அப்படியே கிடந்தது. எடுத்துப் படித்தேன்.

பெயர் சரி. பிறந்த தேதி சரி. அப்பா பெயர் சரி. மொழித் தாள்: தமிழ்.

மூன்று முறை படித்தேன். ஆங்கிலத்துக்கு எதிரே ஒன்றுமில்லை. ஆங்கிலத் தாள் எழுதாதவர்களுக்கு ஆங்கில இலக்கியத்தில் இடமில்லை என்று தேர்வுக் கையேட்டில் செங்கமலமே அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

அந்தச் சென்டர் பெண் செய்த வேலை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வேலை செய்தால் இப்படித்தான் ஆகும்.

மார்ச் 27, வியாழன்

நேற்று இரண்டு மணிக்கு நேராகச் சென்டருக்குப் போவதாக இருந்தேன். தட்சிணாமூர்த்தி வர இருபது நிமிடம் தாமதம். வெயில் வேறு. இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

செங்கமலத்திடம் சொல்லவில்லை. சரிசெய்துவிட்டுச் சொல்லலாம், வீணாக எதற்கு அவளைப் பதற வைக்க வேண்டும். நேற்று இருபது வார்த்தையில் பதினெட்டு சொன்னாள்.

இன்று காலை டிபன் பையைத் தேடினால் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. துவைத்துவிட்டாள்.  பிரிண்ட் அவுட் நல்லவேளை நனையவில்லை. டிவி மேஜையில், கையேட்டுக்கு அடியில் மடித்த மடிப்போடு பத்திரமாக இருந்தது. நான்தான் எடுத்து வைத்திருப்பேன்.

மார்ச் 29, சனி

நேற்றுதான் கடைசி நாள். டியூட்டி முடிந்து சென்டருக்குப் போனேன். பூட்டியிருந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் பூட்டு. செங்கமலம் மன்னார்குடிக்குப் போயிருந்தாள். நித்திலாவுக்குச் செருப்பு வாங்க என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நாலரைக்கு வந்தாள். செருப்பு எங்கே என்றேன், அளவு கிடைக்கவில்லை என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, "என்னங்க, எதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"என்ன சொல்லணும்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்று எழுந்து போய் அரிசி களைந்தாள்.

ஏன் கேட்டாள் என்று புரியவில்லை. நேற்றுப் பாடமும் நடந்தது. நான் வாசிக்க, அவள் திருப்பிச் சொல்ல, என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஏப்ரல் 4, வெள்ளி

யோசித்துப் பார்த்தால் அந்தச் சென்டர் பெண்ணை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. "சார், லாங்வேஜ்?" என்று அவள் கேட்டது ஞாபகம் இருக்கிறது. "தமிழ்தாம்மா, வேற என்ன?" என்றேன். ரயில்வேயில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கும். பன்னிரண்டு வருடமாக அதில் தமிழ் என்று எழுதியிருக்கிறேன். அவள் கேட்டாள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடைசியில் "ஒரு தடவ எல்லாத்தையும் படிச்சுப் பாத்துக்குங்க சார்" என்றும் சொன்னாள். தினம் முப்பது தடவை போனில் திருப்பிச் சொல்கிற நான், அன்றைக்கு மட்டும் திருப்பிப் படிக்கவில்லை.

நேற்று ஒரு தொடருக்கு ஒரே சொல் பயிற்சி. புத்தகத்தில் இருந்த பதினைந்தும் முடிந்தபின் செங்கமலம், "இது புத்தகத்துல இல்ல, நானா கேக்குறேன். ஒரு தப்பு நடந்தது தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருக்குறவங்களுக்கு ஒரே வார்த்தை என்ன?" என்றாள்.

"பட்டியல்ல இல்லாதத எதுக்குக் கேக்குற?" என்றேன். கோபமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நித்திலா நிமிர்ந்து பார்த்தாள்.

ஏப்ரல் 9, புதன்

கம்ப்யூட்டரில் உள்ளே போய் ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று கேபினில் உட்கார்ந்து போனில் முயன்றேன். விண்ணப்ப எண் போட்டேன். பாஸ்வேர்ட், நித்திலா பெயரும் பிறந்த வருடமும். நாங்கள் இருவரும் சேர்ந்து வைத்தது. தவறு என்றது. பெரிய எழுத்தில் போட்டேன், தவறு. மூன்றாவது தடவை போட்டதும் ஒரு நாள் பூட்டிவிட்டது.

நாங்கள் வைத்த பாஸ்வேர்ட் எப்படித் தவறாகும்? அவர்கள் பக்கம் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று விடுமுறை. ஒரு யோசனை பண்ணி வைத்திருந்தேன். தமிழ்த் தாள் எழுதினாலும் சேரக்கூடிய படிப்புகளைக் கையேட்டில் தேடிப் பிடித்தேன். வரலாறு, பொருளாதாரம், தமிழ் என்று ஆறு இருந்தன. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாக, "வரலாறு படிச்சாகூட நல்ல மதிப்புங்குறாங்க" என்றேன்.

"யாரு சொன்னா?"

"பொதுவா சொல்றாங்க."

"எனக்கு ஏங்க வரலாறு?" என்றாள். கத்தியை வைத்துவிட்டாள். "பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன்ல. போன வாரம் அந்த அஞ்சாங்கிளாஸ் பொண்ணு, 'டீச்சர், நீங்க புத்தகத்த பாத்துதான் சொல்றீங்க, ஒங்களுக்காத் தெரியாதா'ன்னு கேட்டுச்சு. பன்னெண்டு வருசமா என்னையே நான் கேட்டுக்கிட்டதுதான் அது. எனக்கா தெரியணுங்க. அவ்வளவுதான்."

நான் வெண்டைக்காய் ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அது குழம்புக்கு இல்லை, நாளைக்கு என்று பிடுங்கிக்கொண்டாள். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது. சாப்பிடத்தான் முடியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாதிரித் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு. எந்த முகத்தோடு பாராட்டினேனோ தெரியவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று நேற்று முடிவு பண்ணிவிட்டேன். கலைந்த வாக்கியங்களை அடுக்கும் பாடம். ஐந்து வாக்கியம் கொடுத்திருப்பார்கள், எது முதலில் எது பிறகு என்று வரிசைப்படுத்த வேண்டும். நானும் மனதுக்குள் என்னுடையதை அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் எதைச் சொல்வது? படிவத்தில் தப்பு நேர்ந்ததையா, அது எனக்குத் தெரிந்த தேதியையா? எப்படி அடுக்கினாலும் 28-ம் தேதியில் வந்து முட்டிக்கொண்டது.

"செங்கமலம்" என்றேன். பென்சிலை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். முகத்தில் ஒரு மாதிரி எதிர்பார்ப்பு. அதற்குள் நித்திலா தாகம் என்று வந்தாள்.

"ஒண்ணுமில்ல, அஞ்சாவது கேள்விக்கு விடை என்ன?" என்றேன்.

அவள் விடை சொல்லவில்லை. நோட்டை மூடி, தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள். மணி ஆறுகூட ஆகவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

மே 6, செவ்வாய்

ஹால் டிக்கெட் வெளியிட்டாயிற்று என்று காலை ஒன்பது மணிக்குத் தகவல்.  மாஸ்டர் போனில் வண்டி நம்பர் சொன்னபோது தப்பாகத் திருப்பிச் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. அவர் பாட்னாக்காரர். "சிங்காரவேல், தபியத் சரி இல்லியா?" என்று என் உடம்பை விசாரித்துவிட்டு மறுபடி சொன்னார்.

இரண்டு மணி எப்போது ஆகும் என்றும் இருந்தது, ஆகக் கூடாது என்றும் இருந்தது.

மே 7, புதன்

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். டிவி மேஜையில் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தது. செங்கமலம் சமையலறையில் இருந்தாள். நின்றபடியே படித்தேன். மொழித் தாள்: ஆங்கிலம்.

மறுபடி படித்தேன். ஆங்கிலம்தான். பெயரைப் பார்த்தேன், அவள் பெயர்தான்.

ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஏதோ இறக்கி வைத்தது போல் இருந்தது. ஆங்கில இலக்கியத்துக்கு விண்ணப்பித்தவளுக்குத் தமிழ்த் தாளா என்று கம்ப்யூட்டரே பார்த்துத் திருத்தியிருக்கும். அந்த அளவு அறிவு அதற்கு இருக்காதா என்ன. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் கால் கிலோ அல்வா வாங்கி வந்தேன்.

"எதுக்குங்க அல்வா?" என்றாள்.

"சும்மா. ஹால் டிக்கெட் வந்துருக்குல்ல."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு."

"சரி" என்றாள். அவளுக்கு வைத்த அல்வா இன்று காலை வரை கிண்ணத்தில் அப்படியே இருந்தது.

மேலே எழுதியது காலை ஏழு மணிக்கு. இப்போது மணி பதினொன்று. நடுவில் ஒரு கூட்ஸ் போயிற்று. நாற்பத்தாறு பெட்டி. பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே நிற்கும்போது ஒவ்வொன்றாக வந்தது. துவைத்துக் காய்ந்த டிபன் பை. கையேட்டுக்கு அடியில் போன தாள். மன்னார்குடிக்குப் போயும் வாங்காத செருப்பு. தவறு என்று சொன்ன பாஸ்வேர்ட். எதாச்சும் சொல்லணுமா.

கம்ப்யூட்டருக்கு அறிவில்லை. எனக்கும் இல்லை.

மே 9, வெள்ளி

எங்கள் ரிஜிஸ்டரில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது என்ன என்று பிறகு வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக.

மார்ச் 29-ம் தேதி இந்த டைரியில் 'பூட்டியிருந்தது' என்று எழுதியிருக்கிறேன். அதை ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். சென்டர் திறந்திருந்தது. அந்தப் பெண் "வாங்க சார்" என்றாள். அவள் முன்னால் நாற்காலிகூடக் காலியாக இருந்தது. ஒரு பேனா வேண்டும் என்றேன். இங்கே பேனா விற்பதில்லை சார் என்றாள். சரி என்று திரும்பி வந்துவிட்டேன். இது சரியானது. சிங்காரவேல்.

இதையெல்லாம் நேற்று சாயங்காலம் செங்கமலத்திடம் சொன்னேன். நித்திலாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நோட்டைத் திறப்பதற்கு முன்னால்.  பேனா கேட்ட இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "பைய தொவைக்கிறப்பவே பாத்துட்டேன். அவசரத்துல சொல்லியிருப்பீங்க, நீங்களே போயி மாத்திட்டு வந்து சொல்லுவீங்கன்னு ஒரு நாள் பொறுத்தேன். கடைசி நாளும் நீங்க ஒண்ணும் பேசாம டூட்டிக்குக் கெளம்பிட்டீங்க. நானே மன்னார்குடி போயி மாத்துனேன். பாஸ்வேர்டையும் மாத்துனேன்."

"அத எதுக்கு மாத்துன?"

"பயமா இருந்துச்சு" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் என்னைப் பார்த்துப் பயம் என்று அவள் சொன்னதில்லை. நான் கை ஓங்கியதில்லை. சத்தம்கூடப் பெரிதாகப் போட்டதில்லை. 

"திரும்பி வந்தீங்களே, ஏன்?" என்று கேட்டாள்.

"தெரியல."

"தெரியலன்னு சொல்லாதீங்க."

சொன்னேன். "நீ பாஸாயிட்டா அப்புறம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்கு என்ன வேல? காலையில பஸ் ஏறிப் போவ, அங்க புதுசு புதுசா ஆளுங்க, நீ பேசுறது எனக்குப் புரியாது. இந்த ரெண்டு மாசம் மாதிரி நம்ம எப்பவுமே இருந்ததில்ல செங்கமலம். அது முடிஞ்சு போயிடும்னு இருந்துச்சு." சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதுதான் உண்மை. இவ்வளவு நாள் எனக்கே புரியாமல் இருந்தது அதுதான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"தமிழ்னு சொன்னதுக்கு எனக்குக் கோவமே இல்லங்க. அன்னைக்கே வந்து சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம். நாப்பத்தோரு நாளு. இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு ஒங்க எதுத்தாப்புல ஒக்காந்து வார்த்தைய திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு இருந்தேன். அந்த நேரத்துல நான் படிச்சது எதுவும் மண்டையில ஏறல. நீங்க வேலைக்குப் போனப்பறம் தனியா ஒக்காந்துதான் மறுபடி படிச்சேன்."

நோட்டை என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். "இனிமே நானே படிச்சுக்குறேன்" என்றாள்.

எது போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது அப்படித்தான் போயிற்று.

மே 12, திங்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். நான் டீக்கடைக்குப் போனேன். டீக்கடைக்காரர் உடம்பு தேவலையா என்று கேட்டார்.

மே 14, புதன்

நாளைக்குத் தேர்வு, தஞ்சாவூரில். பதினொரு மணிக்கு. ஒன்பதரைக்குள் உள்ளே போக வேண்டும். லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "வேணாங்க, நான் போயிடுவேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நித்திலாவைத் தட்சிணாமூர்த்தி வீட்டில் விடுவதாக ஏற்பாடு. இரண்டு பேனா, ஹால் டிக்கெட், ஆதார் எல்லாம் அவளே ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். நான் செய்ய ஒன்றும் மிச்சம் இல்லை. அவள் செருப்பின் வார் பிய்ந்திருந்தது, அதைத் தைத்து வாங்கி வந்து வாசலில் வைத்தேன்.

மே 15, வியாழன்

மணி எட்டரை. நடந்ததை உடனே எழுதாவிட்டால் வேறு மாதிரி எழுதிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

ஏழே முக்காலுக்கு மாஸ்டர் போன். எக்ஸ்பிரஸ் வருகிறது, கேட்டை மூடு. திருப்பிச் சொன்னேன், மூடினேன், பூட்டினேன், எண் கொடுத்தேன். வெளியே வந்து பார்த்தால் மூன்றாவதாகத் தஞ்சாவூர் பஸ் நிற்கிறது. ஜன்னல் ஓரத்தில் செங்கமலம்.

முன்னால் ஒரு டிராக்டர், ஒரு மீன் வண்டி, அப்புறம் அவள். உலகத்திலேயே இன்றைக்கு அவளை நிறுத்தி வைக்கக் கூடாத ஆள் நான். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். சாவி என் கையில் இருக்கிறது. வண்டி போகும்வரை அதைத் தொட முடியாது. என்னால் அவள் பக்கம் பார்க்கக்கூட முடியவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க" என்று குரல் கேட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். கையில் நீள நோட்டு.

"வண்டி வர எவ்வளவு நேரமாவும்?"

"பத்து நிமிசம். ஒம்பது மணிக்குள்ள தஞ்சாவூர் போயிடலாம். லேட்டாவாது."

"லேட்டாவும்னு சொல்லல" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். கேட்டுக்கு மேலாக நோட்டை நீட்டினாள். "கடைசி மூணு பக்கம். கேளுங்க."

பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கினேன். அவள் கையெழுத்து. தனியாகப் படித்த நாட்களில் எழுதியது. முதல் வார்த்தையைப் படிக்கப் பார்த்தேன், வரவில்லை. பதினோரு எழுத்து. இதுவரை நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு இது படிக்க வரலியே" என்றேன்.

"எழுத்து எழுத்தா சொல்லுங்க."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் வார்த்தையாக்கித் திருப்பிச் சொன்னாள், அர்த்தம் சொன்னாள், எதிர்ச்சொல் சொன்னாள். அடுத்ததும் எனக்குப் படிக்க வரவில்லை. அதையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்துநாலு வார்த்தை. எனக்குத் தெரிந்தது அதில் ஒன்றுகூட இல்லை. அவள் ஒன்றில்கூடத் தடுக்கி விழவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டது. நோட்டைக் கொடுத்தேன். "நல்லா எழுது" என்று சொல்லியிருக்க வேண்டும். "பின்னால போ, வண்டி வருது" என்றுதான் வாயில் வந்தது. தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய் ஏறிக்கொண்டாள். எக்ஸ்பிரஸ் போயிற்று. மாஸ்டருக்குச் சொன்னேன், திருப்பிச் சொன்னார். பூட்டைத் திறந்து கேட்டை உயர்த்தினேன். டிராக்டர் போயிற்று, மீன் வண்டி போயிற்று, பஸ் போயிற்று. கேட்டைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

அதே வார்த்தைகளைத் தனக்குத்தானே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். அந்தக் கடைசி வார்த்தைக்கு அவள் சொன்ன அர்த்தம்கூட எனக்குச் சரியாகப் புரியவில்லை. சாயங்காலம் வந்ததும் கேட்க வேண்டும். சொன்னால் கேட்டுக்கொள்வேன்.